உலகின் மிக நீளமான, மிக வலிமையான ரயில்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரமங்கலத்தில் குடியிருப்பவர் ரயில்களைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், திருமண வீடானாலும் தேநீர்க் கடையானாலும் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவ்வாறு என்னிடம் மீண்டும் மீண்டும் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தந்து, அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் விளக்கியதை இன்னொன்றில் திரும்ப எழுதவில்லை; ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

உலகத்துலயே நீளமான ரயில் எதுங்க? சுத்தி வளைக்காம ஒரே பதிலா சொல்லுங்க.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், 2001 ஜூன் 21 அன்று பி.எச்.பி. நிறுவனம் இயக்கிய இரும்புத்தாது ரயில். அதன் நீளம் 7.353 கிலோமீட்டர். 682 வேகன்களும் 8 டீசல் இன்ஜின்களும் அதில் இருந்தன. யாண்டி சுரங்கத்திலிருந்து போர்ட் ஹெட்லண்ட் துறைமுகம் வரை சுமார் 275 கிலோமீட்டர் தொலைவை அது கடந்தது. வேகன்கள், சரக்கு, இன்ஜின்கள் எல்லாம் சேர்த்து மொத்த எடை 99,734 டன். அதில் தாது மட்டும் 82,000 டன்னுக்கு மேல்.

அவ்வளவு நீளம் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வதுண்டு. அந்த ரயில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லெவல் கிராசிங்கைக் கடந்தால், கேட் மூடியபடி பதினொரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

நம்ம சேலம் வழியா போற விவேக் எக்ஸ்பிரஸ்தான் நீளமான ரயில்னு எங்க பையன் படிச்சானே?

அது போகும் தொலைவால் நீளமான ரயில், உருவத்தால் அன்று. அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ், இந்தியாவில் மிக நீண்ட வழித்தடத்தைக் கொண்ட ரயில் என்பது உண்மைதான். உலக அளவில் அந்த வகையில் பெயர் பெற்றது மாஸ்கோவையும் விளாடிவோஸ்டாக்கையும் இணைக்கும் 9,289 கிலோமீட்டர் சைபீரியப் பாதை. ஆனால் நம் நாட்டுப் பயணிகள் ரயில் எதுவும் வழக்கமாக 24 பெட்டிகளைத் தாண்டுவதில்லை. நடைமேடைகள் அதற்கேற்றவாறே கட்டப்பட்டுள்ளன. இந்தத் தொகுப்பு முழுவதும் நீளம் என்று நான் குறிப்பது இன்ஜின் முகப்பிலிருந்து கடைசி வண்டியின் வால் வரையுள்ள அளவையே.

ஓமலூர் கேட்டுல நின்னா மேட்டூருக்கு நிலக்கரி ஏத்திட்டுப் போற கூட்ஸ் வண்டி முடியவே மாட்டேங்குது. அது ஒரு ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா?

இருக்காது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி வண்டிகளில் வழக்கமாக இணைக்கப்படும் மேல்மூடியில்லாத வேகன் ஒவ்வொன்றும் சுமார் 10.7 மீட்டர் நீளமுடையது. ஒன்றாகக் கோத்து ஓட்டப்படும் வேகன் தொடருக்கு ரேக் என்று பெயர். ஒரு ரேக்கில் 58 அல்லது 59 வேகன்கள் இருக்கும். இன்ஜினையும் பிரேக் வேனையும் சேர்த்தால் 700 மீட்டருக்குள் அடங்கிவிடும். வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு அது இரண்டு கிலோமீட்டராகத் தோன்றுவதில் வியப்பில்லை. வண்டி மெதுவாகப் போவதுதான் காரணம்.

இந்த 59 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு அது தேவைப்படும்.

அப்போ இந்தியாவுல நீளமானது எது? பாம்பு பேரு வெச்சு ஒண்ணு ஓட்டுனாங்களே?

பாம்புப் பெயர் கொண்டவை பல. 2020ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் மூன்று சுமையேற்றிய ரேக்குகளை ஒன்றாகக் கோத்து ‘சூப்பர் அனகோண்டா’ ஓடியது. அடுத்த சில நாள்களில், ஜூலை 2 அன்று, நான்கு காலி ரேக்குகளை இணைத்து 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள ‘சேஷ்நாக்’ ஓடியது. 2022 ஆகஸ்ட் 15 அன்று ‘சூப்பர் வாசுகி’ சத்தீஸ்கரின் கோர்பாவிலிருந்து 27,000 டன் நிலக்கரியுடன் புறப்பட்டது. அதன் வேகன்கள் 295, அதாவது ஐந்து முறை 59, நீளம் 3.5 கிலோமீட்டர்.

இவற்றை விஞ்சியது ‘ருத்ராஸ்திரா’. 2025 ஆகஸ்ட் 7 அன்று கிழக்கு மத்திய ரயில்வே, உத்தரப் பிரதேசத்தின் கஞ்ச்குவாஜாவிலிருந்து ஜார்க்கண்டின் கட்வா வரை 209 கிலோமீட்டருக்கு அதை இயக்கியது. 4.5 கிலோமீட்டர் நீளம், 354 வேகன்கள், 7 இன்ஜின்கள். 354 என்பது ஆறு முறை 59. ஆகவே இது தனியாக வடிவமைக்கப்பட்ட ரயிலன்று. ஓமலூரில் நீங்கள் பார்க்கும் வண்டியைப் போன்ற ஆறு காலி வண்டிகளின் கோவை. ஒவ்வொரு ரேக்கின் இன்ஜினும் ஏறத்தாழ அதனதன் இடத்திலேயே இருந்தது.

நீளமான ரயில்னா அதுதானே எடையும் அதிகமா இருக்கும்?

அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சற்று முன் சொன்ன இந்திய ரயில்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ருத்ராஸ்திரா காலி வண்டி, அதைவிட ஒரு கிலோமீட்டர் குறைவான சூப்பர் வாசுகி நிறை சுமை வண்டி. எடையில் வாசுகியே பெரியது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவில் உள்ளது. 1989 ஆகஸ்டில் சிஷென் சுரங்கத்திலிருந்து சல்டானா துறைமுகத்துக்கு 660 வேகன்களுடன் ஒரு ரயில் ஓடியது. 9 மின் இன்ஜின்களும் 7 டீசல் இன்ஜின்களும் அதை இயக்கின. அதன் நீளம் சுமார் 7.3 கிலோமீட்டர், ஆஸ்திரேலிய ரயிலுக்கும் அதற்கும் நீளத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் எடை ஏறத்தாழ 70,000 டன்தான். பாதை தாங்கும் அச்சுப்பளுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பில்பராவில் ஓர் அச்சின் மீது 40 டன் வரை ஏற்ற முடிகிறது. நம் நாட்டின் பெரும்பாலான சரக்குப் பாதைகளில் அது 22.9 டன். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, பாலம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை. தென்னாப்பிரிக்கப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர் மட்டுமே. நம் அகலப்பாதையோ 1,676. அகலம் கூடினால்தான் நீளம் கூடும் என்று எண்ணுவோருக்கு இதுவே பதிலாகிவிடும்.

இதெல்லாம் ஒரு நாள் கூத்து. தினமும் ஓடுற வண்டியில எது பெருசு?

நியாயமான கேள்வி. சாதனை ஓட்டங்களைவிட அன்றாட ஓட்டங்களே எனக்கும் மதிப்புமிக்கவை. மேலே சொன்ன சிஷென்–சல்டானா பாதை 861 கிலோமீட்டர் நீளமுடையது; அதில் 375 வேகன்கள் கொண்ட, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்கள் வழக்கமான சேவையாகவே ஓடுகின்றன. பிரேசிலின் கராஜாஸ் பாதையில் 330 வேகன்களுடன் 3.3 கிலோமீட்டர் ரயில்கள் ஓடுகின்றன. சீனாவின் டாத்தோங்–சின்ஹுவாங்தாவ் நிலக்கரிப் பாதையில் 20,000 டன் ரயில்கள் அன்றாடக் காட்சி.

பெயர் அதிகம் அடிபடுவது மௌரித்தேனியாவின் ரயில். சகாரா பாலைவனத்தின் ஊடாக, ஸுவேரத் சுரங்கத்திலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை 704 கிலோமீட்டர் செல்லும் இந்தப் பாதை 1963 முதல் இயங்குகிறது. ரயிலின் நீளம் 2.5 கிலோமீட்டர் வரை இருக்கும். தாதுக் குவியலின் மேலேயே மக்கள் அமர்ந்து பயணம் செய்யும் படங்களால்தான் அது புகழ்பெற்றதே தவிர, நீளத்தில் முன்னே சொன்னவற்றுக்கு அது ஈடாகாது.

ஜனங்க ஏறிப் போற ரயில்ல எது நீளம்?

2022 அக்டோபர் 29 அன்று சுவிட்சர்லாந்தின் ரேட்டிய ரயில்வே, ஆல்புலா மலைப்பாதையில் 100 பெட்டிகள் கொண்ட ரயிலை இயக்கியது. நான்கு பெட்டிகள் கொண்ட 25 மின்தொடர்களை இணைத்து உருவாக்கப்பட்ட அதன் நீளம் 1,910 மீட்டர். அதற்கு முன் 1991இல் பெல்ஜியத்தில் 70 பெட்டிகளுடன் ஓடிய ரயில் இச்சாதனைக்கு உரியதாக இருந்தது. சுவிஸ் ரயில் ஓடியது, நம் ஊட்டி ரயில் ஓடும் அதே மீட்டர் அகலப் பாதையில். அதுவும் சுரங்கங்களும் வளைவுகளும் பாலங்களும் நிறைந்த இறக்கத்தில்.

இன்ஜினை ரெண்டு மடங்கா போட்டா நீளத்தையும் ரெண்டு மடங்கா ஆக்கிடலாம்ல? இதுல என்ன பெரிய வித்தை?

இன்ஜின்களை எங்கே இணைப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. இன்ஜின்கள் அனைத்தையும் முன்னால் கட்டினால், முதல் வேகனின் கப்ளர், அதாவது வண்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பு, பின்னால் வரும் அத்தனை வேகன்களின் இழுவையையும் தாங்க வேண்டும். கப்ளர் எஃகுதான் என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் ரயில் இரண்டாக அறுந்துவிடும். ஆகவே ரயிலின் நீளத்தை முதலில் கட்டுப்படுத்துவது கப்ளரின் உறுதியே. இன்ஜினின் திறன் அடுத்துத்தான் வரும்.

நம் கோட்டை அழகிரிநாதர் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் கூடினாலும் வடம் தாங்கும் அளவுக்குத்தான் முன்னால் இழுக்க முடியும். தேர் அசையாதபோது பின்சக்கரத்தில் சன்னக்கட்டை கொடுத்து உந்துகிறார்கள். நீண்ட ரயில்களும் இதையேதான் செய்கின்றன. இன்ஜின்களைப் பிரித்து முன்னும் நடுவும் பின்னுமாக வைத்துவிட்டால், ஒவ்வொரு இன்ஜினும் தன்னைச் சுற்றியுள்ள வேகன்களின் சுமையை மட்டும் ஏற்றுக்கொள்ளும். எந்தக் கப்ளரிலும் முழு ரயிலின் இழுவை விழாது.

அப்போ நடுவுல இருக்குற இன்ஜினை யாரு ஓட்டுறது? ஆளுக்கு ஆள் போன்ல பேசிக்குவாங்களா?

முதல் இன்ஜினில் இருப்பவரே அனைத்தையும் இயக்குகிறார். அவர் கைப்பிடியை நகர்த்தும்போது அந்தக் கட்டளை ரேடியோ அலை வழியாக மற்ற இன்ஜின்களுக்குச் சென்று, அவையும் அவ்வாறே முடுக்கத்தையோ பிரேக்கையோ மாற்றிக்கொள்கின்றன. லோகோட்ரோல் என்ற பெயரில் அமெரிக்காவில் உருவான இந்த ஏற்பாடு இருந்ததால்தான், 2001ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ரயிலை ஒரே ஓட்டுநர் ஓட்ட முடிந்தது.

எல்லா இன்ஜினும் எப்போதும் ஒன்றுபோல் இயங்க வேண்டும் என்பதுமில்லை. ஏழு கிலோமீட்டர் ரயிலின் தலைப்பகுதி மேட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கையில், வால்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அப்போது முன் இன்ஜின்களை அடக்கிப் பின் இன்ஜின்களை முடுக்கும் வகையில் தனித்தனியாகவும் கட்டளையிட முடியும். ஓட்டுநரின் திறமை வெளிப்படும் இடம் இதுதான் என்பேன்.

பிரேக் போட்டா கடைசிப் பெட்டிக்கு எப்போ போய்ச் சேரும்?

இந்தத் தொகுப்பிலுள்ள கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ரயிலின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. ரயில் முழுவதும் ஓடும் குழாயில் எப்போதும் அழுத்தம் நிரம்பியிருக்கும். நம் ரயில்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. ஓட்டுநர் அந்தக் காற்றை வெளியேற்றும்போது அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு வேகனிலும் பிரேக் பிடிக்கிறது. குழாய் அறுந்தாலும் இதே விளைவுதான் என்பதால் இது பாதுகாப்பான ஏற்பாடு.

ஆனால் அந்த அழுத்தக் குறைவு, குழாய்க்குள் ஒலியின் வேகத்தைவிட விரைவாகப் பரவ முடியாது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போவதாகக் கொண்டாலும், 7.353 கிலோமீட்டரைக் கடக்க 21 நொடிகளுக்கு மேலாகும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகும். அதற்குள் முன்பகுதி வேகம் குறைந்திருக்க, பின்பகுதி பழைய வேகத்திலேயே வந்து முட்டும். வளைவில் இது நேர்ந்தால் நடுவிலுள்ள வேகன்கள் தடம் விட்டு வெளியே பிதுங்கிவிடும். நடுவிலும் பின்னாலும் உள்ள இன்ஜின்கள் ரேடியோ கட்டளை கிடைத்தவுடன் தாங்களும் குழாய்க் காற்றை வெளியேற்றுவதால், இந்தத் தாமதம் பல மடங்கு சுருங்குகிறது. இன்னொரு தீர்வு, ஒவ்வொரு வேகனுக்கும் மின்கம்பி வழியே ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் எலக்ட்ரானிக் பிரேக். நீண்ட ரயிலை ஓட வைப்பதைவிட அதை நிறுத்துவதே கடினம் என்று நான் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. பில்பராவில் பின்னர் நடந்த ஒன்று அதற்குச் சான்று. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு லட்சம் டன்னை எட்டே இன்ஜின் எப்படிங்க இழுக்கும்?

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். அந்த எட்டு இன்ஜின்களும் தலா 6,000 குதிரைத்திறன் உடையவை, மொத்தம் 48,000. அதாவது ஒரு டன்னுக்கு அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. சேலம் சந்திப்பில் வந்து நிற்கும் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஒரு டன்னுக்கு நான்கைந்து குதிரைத்திறன் கிடைக்கிறது.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை மிகச் சிறிது. சமதளத்தில், சுமையேற்றிய வேகனின் ஒவ்வொரு டன்னையும் நகர்த்திக்கொண்டே இருக்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடைக்கு ஈடான விசை போதும். மேலும், சுரங்கம் உள்நாட்டு மேட்டிலும் துறைமுகம் கடலோரத்திலும் இருப்பதால், நிறை வண்டி பெரும்பாலும் இறங்குகிறது. காலி வண்டியே ஏறுகிறது. உலகின் பேரெடை ரயில்கள் பலவும் இவ்வாறான பாதைகளில் ஓடுவது தற்செயலன்று.

சரி, தனி இன்ஜின்ல எது பலசாலி? நம்ம நாட்டு இன்ஜின் பட்டியல்ல வருமா?

கட்டாயம் வரும். பீகாரின் மாதேபுராவில் ஆல்ஸ்டாம் நிறுவனத்துடன் இணைந்து தயாரிக்கப்படும் டபிள்யூ.ஏ.ஜி.-12பி மின் இன்ஜின் 12,000 குதிரைத்திறன் உடையது. 2020 மே மாதம் முதல் ஓட்டத்தைத் தொடங்கியது. நிரந்தரமாக இணைந்த இரு பகுதிகள் சேர்ந்ததே இந்த இன்ஜின். குஜராத்தின் தாஹோத்தில் சீமென்ஸ் தொழில்நுட்பத்தில் தயாராகும் 9,000 குதிரைத்திறன் இன்ஜினோ ஒரே பகுதியால் ஆனது. அதன் ஆலை 2025 மே 26 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

உலக அளவில் முதலிடத்தில் வைக்கப்படுவது 2020இல் சீனாவின் சூச்சோவில் உருவான ‘ஷென் 24’. 28,800 கிலோவாட் திறனுள்ள அது ஆறு பகுதிகளைக் கோத்தது. 106 மீட்டர் நீளம். ஆறையும் சேர்த்து ஓர் இன்ஜின் என்பது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. வகுத்துப் பார்த்தால் பகுதிக்கு 4,800 கிலோவாட்தான் வருகிறது; ஆனால் சுவீடனின் கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குத் தாது கொண்டு செல்லும் இன்ஜின்களின் ஒவ்வொரு பகுதியும் 5,400 கிலோவாட் உடையது. டீசல் இன்ஜின்களில், 1969 முதல் 1971 வரை அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 47 மட்டுமே கட்டப்பட்ட 6,600 குதிரைத்திறன் இன்ஜின் தனித்துப் பேசப்படுகிறது.

அந்தக் காலத்து கரி இன்ஜின்தான் உண்மையான பலம்னு எங்க தாத்தா சொல்வாரே?

தாத்தா சொன்னதில் பாதி உண்மை. அதே யூனியன் பசிபிக் ரயில்வேக்கு 1941 முதல் 1944 வரை 25 ‘பிக் பாய்’ நீராவி இன்ஜின்கள் கட்டப்பட்டன. நிலக்கரித் தொட்டியுடன் சேர்த்து 40 மீட்டர் நீளம். புறப்படும்போது அதன் இழுவிசை ஏறத்தாழ 61 டன். இது இன்றைய வலிமையான மின் இன்ஜின்களை நெருங்கும் அளவு. ஆனால் வேகம் கூடிய பின்னும் அந்த விசையைத் தக்கவைப்பதில் மின் இன்ஜினுக்கு அது ஈடாகாது. 4014 என்ற எண்ணுள்ள பிக் பாய் 2019இல் சீரமைக்கப்பட்டு மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்போது அது நிலக்கரியில் அன்றி எண்ணெயில் ஓடுகிறது.

இவ்வளவு பவரான இன்ஜினெல்லாம் இருக்குன்னா, அதுல ஒண்ணைப் போட்டு ஏற்காட்டுக்கு ரயில் விட்டா என்ன?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சாதாரணச் சரக்குப் பாதைக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றமே அதிகம் எனக் கருதப்படுகிறது. அந்தச் சரிவில் போனால், 1,200 மீட்டர் ஏறுவதற்கு 120 கிலோமீட்டர் பாதையை மலையைச் சுற்றிச் சுற்றி அமைக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் நம் சாலை அதே உயரத்தை முப்பது கிலோமீட்டருக்குள் எட்டிவிடுகிறது.

சரிவைக் கூட்டினால் இன்ஜின் வலிமை பயனற்றுப் போகிறது. நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 10 கிலோ விசை தேவை. சமதளத்தில் இரண்டு கிலோ போதும் என்று முன்பே சொன்னேன். ஆகவே சமதளத்தில் இழுக்கும் சுமையில் ஆறில் ஒரு பங்கைத்தான் அங்கே இழுக்க முடியும். சேர்வராயன் மலையை ஒட்டி பொம்மிடிக்கும் தாணிஷ்பேட்டைக்கும் இடையே லோக்கூர் வழியாக ரயிலில் போகிறவர்கள், வளைவும் ஏற்றமுமான அந்தப் பகுதியில் கனத்த சரக்கு வண்டியின் வேகம் தளர்வதைக் கண்டிருப்பார்கள். சரிவு இன்னும் கூடினால், இன்ஜினுக்கு எவ்வளவு திறன் இருந்தாலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஊட்டி ரயில் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுவது பற்சக்கரத்தின் துணையால். அந்த முறையில் சில பெட்டிகளை மெதுவாக ஏற்றலாமே தவிர, வலிமையான இன்ஜினுக்கு அங்கே வேலையில்லை.

டிரைவரே இல்லாம ஓடுதுங்கறாங்களே, நெஜமா?

உண்மை. பில்பராவிலேயே ரியோ டின்டோ நிறுவனத்தின் 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள தாது ரயில்கள், 2018 முதல் ஓட்டுநர் இன்றி இயங்குகின்றன. சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்த் நகரில் அமர்ந்து அவற்றைக் கண்காணிக்கிறார்கள்.

அந்த மாதிரி வண்டி ஒண்ணு தானா ஓடிப்போச்சாமே? அதானே இது?

அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் அதிகம். 2018 நவம்பர் 5 அன்று தானாக ஓடியது, ஓட்டுநர் இருந்த பி.எச்.பி. ரயில். 4 இன்ஜின்களும் 268 வேகன்களும் கொண்ட அந்த ரயில் வழியில் நின்றபோது, ஓட்டுநர் வேகன்களைச் சோதிக்க இறங்கினார். மேலே சொன்ன எலக்ட்ரானிக் பிரேக் மட்டுமே அப்போது ரயிலைப் பிடித்திருந்தது. காற்றுக் குழாயின் அவசரப் பிரேக் போடப்பட்டிருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின், பேட்டரியைச் சேமிப்பதற்காக எலக்ட்ரானிக் அமைப்பு தானே அணைய, பிரேக்குகள் விடுபட்டன. ஆளில்லாத ரயில் இறக்கத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் 92 கிலோமீட்டர் ஓடியது. முடிவில் கட்டுப்பாட்டு அறையினரே அதைத் திட்டமிட்டுத் தடம்புரளச் செய்தார்கள். எவருக்கும் காயமில்லை.

ருத்ராஸ்திரா மாதிரி ஒண்ணை நம்ம சேலம் வழியா விட்டா கூட்ஸ் வண்டி எண்ணிக்கையே குறையுமே, ஏன் விடறதில்ல?

ஒரு ரயில் இன்னொன்றுக்கு வழிவிட ஒதுங்கி நிற்க வேண்டுமானால், அது லூப் லைனுக்குள், அதாவது முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கப் பாதைக்குள், அடங்க வேண்டும். நம் பாதைகளில் லூப் லைன்கள் ஏறத்தாழ 700 மீட்டர் அளவில் அமைந்தவை. ஓமலூர் வண்டியின் நீளம் ஏன் அந்த அளவில் நிற்கிறது என்பதும் இதிலிருந்து புரியும். 4.5 கிலோமீட்டர் ரயில் புறப்பட்டுவிட்டால் எங்கும் ஒதுங்க முடியாது. பின்னால் வரும் கோவை, கேரள எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் அதன் வேகத்திலேயே தொடர வேண்டியிருக்கும். சரக்குக்கெனவே அமைக்கப்பட்ட தனிப்பாதைகளில் லூப் லைன் 1,500 மீட்டர். 2021 ஜனவரியில் ரேவாரி–மதார் பகுதியில், இரண்டடுக்குக் கன்டெய்னர்களுடன் 1.5 கிலோமீட்டர் ரயிலை அங்கே தொடங்கிவைத்ததும் அதனால்தான். ருத்ராஸ்திராவும் தன் ஓட்டத்தின் முதற்பகுதியை அத்தகைய தனிப்பாதையில்தான் கடந்தது.

இன்னொரு தடையும் உண்டு. நிலக்கரி ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் ஒரு நேரத்தில் ஒரு ரேக்கைக் கையாளும்படி அமைந்தவை. ஆறு ரேக்குகளைக் கோத்துக் கொண்டுவந்தாலும், மின் நிலையத்துக்குள் நுழையும் முன் அவற்றை மறுபடியும் 59, 59 வேகன்களாகக் கழற்றித்தான் ஆக வேண்டும்.